வேளைக்காரரும் வேலைக்காரரும்: திருகோணமலைக் கரையிற் படைச்சேவகத்தின் பயனும் விலையும்

1

படையாள் பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சுகளே பெருவழக்காயுள்ளன. ஒன்று அவனை வீரனெனப் போற்றுவது. மற்றையது கூலிக்குக் கொலை செய்பவனெனத் தூற்றுவது. இவ்விரண்டும் படையாளைத் தனிமனிதனாக நிறுத்தி அவனது நெஞ்சுரத்தையோ நெஞ்சின்மையையோ அளப்பனவாகும். அவனைப் பாசறைக்குக் கொண்டுவந்து சேர்த்த வாழ்க்கைச் சூழல் யாது, அங்கு அவன் பெறுவது யாது, அதற்கீடாக அவன் கொடுப்பது யாது என்னும் வினாக்கள் இப்பேச்சுகளில் எழுவதில்லை. அரசனது படையெடுப்புகளும் தளபதிகளது வெற்றிகளும் விரிவாக எழுதப்பட்டிருக்கும் நமது வரலாற்று நூல்களிற் கீழ்நிலைப் படையாளின் சோறும் சம்பளமும் அடிக்குறிப்புக்குக்கூட அரிதாகவே வருகின்றன.

இக்கட்டுரையில் இவ்வினாக்களை ஒரு குறிப்பிட்ட பிரதேசத்தை நடுவாகக் கொண்டு ஆராய முற்படுகின்றோம். திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவிற் புல்மோட்டை வீதியில் அமைந்திருப்பது குச்சவெளி. கிழக்கே கடல், மேற்கே காடும் குளங்களும் வயல்களும். இக்கரையோரத்தின் பாறையொன்றிலுள்ள வடமொழிக் கல்வெட்டும், அதனருகே பாறையிற் செதுக்கப்பட்ட சிறு தூபிகளின் வரிசையும், வடக்கேயுள்ள திரியாயின் பௌத்த எச்சங்களும், தெற்கே நிலாவெளியிற் கிடைத்த சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டும் ஓருண்மையைத் தெளிவுறுத்துவன. வணிகரும் துறவிகளும் படைகளும் நூற்றாண்டுக்கணக்காக வந்துபோன வழி இது. திருகோணமலைத் துறைமுகத்தைக் கைக்கொண்டவர் எவராயினும் அவருக்குப் படை வேண்டியிருந்தது. அப்படைக்கு ஆள் எங்கிருந்து வந்தது, எந்நிபந்தனையின்பேரில் வந்தது என்பதே ஈண்டு நமது அக்கறைக்குரியது.

2

பொலன்னறுவைக் காலத்து ஈழத்திற் படைச்சேவகம் பற்றிய சிறந்த சான்றுகள் வேளைக்காரப் படையினர் தொடர்பானவை. இச்சொல்லை இன்று கேட்போர் 'வேலைக்காரர்' என்றே பெரும்பாலும் விளங்கிக்கொள்வர். கல்வெட்டுகளில் வருவது ளகர வேளையாகும். குறித்த வேளை வந்துழி உயிரைக் கொடுப்பதாக உறுதிபூண்டோர் என்பதே ஆய்வாளர் பலரும் இதற்குத் தரும் பொருள். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகளில் இராசராசனின் படைப்பிரிவுகள் பலவற்றின் பெயரிலே 'தெரிந்த வலங்கை வேளைக்காரர்' என்னும் தொடர் பயிலுகின்றது. 'தெரிந்த' என்பதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட என்று பொருள். சோழராட்சி ஈழத்தில் முடிவுற்ற பின்னரும் இத்தகு படைகள் இங்கு நிலைத்தன. சோழரை வெளியேற்றிய முதலாம் விசயபாகு (1055-1110) தாமே அவர்களைச் சேவகத்தில் அமர்த்தினார். படையாளின் சேவகம் அரசமரபு மாறினும் தொடர்ந்தது என்பதை நாம் இங்கு மனங்கொள்ளல் வேண்டும். மொழியோ இனமோ அன்றிச் சேவக உறவே அவர்களை அரசனோடு பிணைத்தது.

அச்சேவகத்தின் பயன் யாதாயிருந்தது? விசயபாகுவின் மறைவையடுத்துப் பொலன்னறுவையில் வேளைக்காரர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இவ்வகையில் அரியதோர் ஆவணமாகும். புத்தரின் தந்த தாதுக் கோயிலைத் தமது பாதுகாப்பில் ஏற்று, அதற்கு 'மூன்றுகைத் திருவேளைக்காரன்' என்னும் தமது பெயரையே சூட்டி, காவலுக்குச் சேவகரையும் பராமரிப்புக்கு நிலத்தையும் அவர்கள் ஒதுக்கினர். கோயிலுக்குரிய ஊர்களையும் ஆட்களையும், அங்கு அடைக்கலம் புகுந்தோரையும் தாம் அழிய நேரினும் காப்பதாகவும் உறுதிகூறினர். வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் முதலிய பல பிரிவினர் வலஞ்செயர், நகரத்தார் என்னும் வணிகக் குழுக்களோடு கூடியிருந்து இம்முடிவை எடுத்தனர் எனவும் கல்வெட்டிலிருந்து அறிகின்றோம். இக்கல்வெட்டில் ஒலிப்பது 'நாங்கள்' என்னும் கூட்டுக் குரலாகும். நிலம் வைத்திருக்கவும், கூடிப்பேசவும், ஒப்பந்தம் செய்யவும் ஆற்றல்வாய்ந்த ஒரு நிறுவனமாகப் படையாட்கள் இயங்கினர். பிற்காலச் சிப்பாய் எவனுக்கும் வாய்க்காத பேறு இது.

இதன் மறுபக்கத்தைச் சூளவம்சம் காட்டுகின்றது. விசயபாகுவின் 30ஆவது ஆட்சியாண்டளவிற் சோழருக்கெதிராகப் போர்தொடுக்கப் படைகள் துறைகளை நோக்கி அனுப்பப்பட்டன. வேளைக்காரர் செல்ல மறுத்தனர். மறுப்புக் கிளர்ச்சியாயிற்று. தளபதிகள் கொல்லப்பட்டனர், அரண்மனை எரியூட்டப்பட்டது, அரசனின் தங்கை மித்தாவும் அவளுடைய மக்களும் சிறைப்பட்டனர். அரசன் தலைநகரை விட்டு நீங்கிப் படைதிரட்டி மீண்டுவந்து கிளர்ச்சியை ஒடுக்கினான். கொலையுண்ட தளபதிகளின் ஈமத்தீயைச் சூழக் கிளர்ச்சித் தலைவர்களைக் கைகட்டி நிறுத்தி எரித்தான் என்று அந்நூல் கூறும்.

அவர்கள் ஏன் மறுத்தனர்? இனப்பற்றினாலென ஒருசாரார் விடையிறுப்பர். ஆயின் சோழரை வென்ற மன்னனிடமே ஆண்டுக்கணக்கிற் சேவகம் புரிந்தோர் அவர்கள் என்பதை இவ்விடை கவனியாது விடுகின்றது. யாருக்குச் சேவகம் செய்தனர் என்பதைவிட யார்மீது ஏவப்பட்டனர் என்பதே இங்கு உரசலுக்குக் காரணமாயிற்று எனக் கொள்வதே பொருத்தமாகும். படையாள் தன் உழைப்பை மட்டும் விற்பதில்லை. தன் கை எவர்மேல் ஓங்கவேண்டும் என்று தானே முடிவுசெய்யும் உரிமையையும் சேர்த்து விற்கின்றான். அவ்விற்பனை நிகழும் நாளில் அதன் பொருள் அவனுக்குத் தெரிவதில்லை. ஏவல் வரும் நாளிலேயே தெரிகின்றது.

இக்கிளர்ச்சிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், அதே மன்னனின் 42ஆவது ஆட்சியாண்டிற் கந்தளாய்க்கு அண்மையிலுள்ள பளமோட்டையிற் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு, பிராமணப் பெண்ணொருத்தி சிவன் கோயிலுக்கு வழங்கிய அறக்கொடையைக் குறிப்பிடுகின்றது. அக்கொடையைக் காக்கும் பொறுப்பு விக்கிரமசலாமேகன் பெயர்தாங்கிய வலங்கை வேளைக்காரரிடமே ஒப்படைக்கப்பட்டது. தலைவர்களை எரித்த அரசு படையைக் கலைக்கவில்லை, கலைக்க இயலவுமில்லை. படையாளின் வலிமையும் அவலமும் இவ்வொரு செய்தியில் ஒருங்கே புலப்படுகின்றன. அவனின்றி அரசு இல்லை. அவன் மறுத்தால் அவனுக்கு உயிரில்லை.

3

இவ்வுறவை மூடிநிற்கும் கருத்துநிலையைத் தமிழிலக்கியம் செஞ்சோற்றுக்கடன் எனப் பெயரிட்டு வளர்த்தது. உண்ட சோற்றுக்கு உயிரே ஈடு என்பது அதன் சாரம். கம்பனின் கும்பகருணனும் வில்லியின் கன்னனும் இக்கருத்துநிலையின் பேருருவங்கள். இருவரும் தம் தலைவன் செய்தது தவறென அறிவர்; அறிந்தும் அவனுக்காகவே மடிகின்றனர். இவ்விடத்துப் புலவரின் ஆற்றலைக் குறைத்து மதிப்பது நமது நோக்கமன்று. அறிவுக்கும் கடனுக்குமிடையே நசுங்கும் மனிதனின் துயரத்தை அவர்கள் உணர்ந்திருந்தமையாலேயே அப்பாத்திரங்கள் இன்றும் நம்மை உலுக்குகின்றன.

ஆயினும் இக்கருத்துநிலையின் சமூகப் பணியை நாம் இனங்காணவேண்டும். சோறு கொடுப்பவன் கொடையாளி, உண்பவன் கடனாளி என அது கணக்கிடுகின்றது. அச்சோற்றின் நெல்லை விளைவித்தவன் உழவன் என்பதும், அதை இறையாகக் கொண்டவன் அரசன் என்பதும், இறை தண்டுவதற்கே படை வேண்டியிருந்தது என்பதும் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. உழவனின் நெல் அரசனின் கொடையாக உருமாறிப் படையாளின் கடனாக முடிகின்றது. கும்பகருணனும் கன்னனும் அரச குடியோடு உறவுடையோர். அவர்களது கடன் காவியமாயிற்று. பெயரற்ற படையாளின் கடனோ கல்வெட்டில் ஒரு பிரிவின் பெயராக நின்றுவிட்டது.

இடைக்கால உரையாசிரியர் இவ்வேறுபாட்டை அறியாதவரல்லர். படைமாட்சி அதிகாரத்தின் உரையிற் பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எனப் படையை அறுவகைப்படுத்துவார். வழிவழி வந்த மூலப்படைக்கு முதன்மையும், கூலிப்படைக்கு அதற்கடுத்த இடமும் இங்கு அமைகின்றன. விசுவாசத்தைப் பிறப்போடும் நிலத்தோடும் பிணைத்து நோக்கிய நிலவுடைமைச் சமூகத்தின் பார்வை இதுவாகும். கூலி என்னும் உறவு வெளிப்படையாகத் தெரியுமிடத்துக் கடன் என்னும் போர்வை நழுவிவிடுகின்றமையாலேயே கூலிப்படை அச்சத்துக்குரியதாயிற்று.

4

போர்வை முற்றாக நழுவியது ஐரோப்பிய வணிகக் கம்பெனிகளின் காலத்திலாகும். 1795 ஆவணியிற் கேணல் ஜேம்ஸ் ஸ்ருவாட்டின் தலைமையில் சென்னையிலிருந்து வந்த படை திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிற்று. அப்படையில் வந்த சிப்பாய்களுட் பலர் தமிழ், தெலுங்கு நாடுகளின் நாட்டுப்புறத்தவர். பாளையங்கள் சிதைந்து, உள்ளூர்ப் படைச்சேவகம் அருகி, வரிச்சுமை பெருகிய காலத்திற் கம்பெனியின் மாதச் சம்பளம் அவர்களுக்குப் பற்றுக்கோடாயிற்று. 19ஆம் நூற்றாண்டிற் சாதாரணச் சிப்பாய் பெற்றது மாதம் 7 ரூபா. மழை பொய்த்தாலும் அது வரும். உடல் தளர்ந்தால் ஓய்வூதியம் உண்டு. ஊரில் ஓரளவு மதிப்பும் உண்டு. பட்டினி வாசலில் நின்ற குடும்பத்துக்கு இவை சிறு பயன்களல்ல. சிப்பாயைத் துரோகியென எளிதில் ஏசுவோர் அக்குடும்பத்தின் அடுப்பை நோக்கியவரல்லர்.

இதன் விலையை வேலூர் காட்டிற்று. நெற்றிக்குறியும் காதணியும் தாடியும் விலக்கப்பட்டு, தோற்குஞ்சம் பொருத்திய புதிய தலைப்பாகை கட்டாயமாக்கப்பட்டபோது, மறுத்தோர் கசையடி பெற்றனர். 1806 யூலை 10ஆந் திகதி வைகறையில் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அன்றே ஆர்க்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அவர்களை நசுக்கிற்று; பிடிபட்டோருட் சிலர் பீரங்கி வாயிற் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர். தலைப்பாகைக் கட்டளை பின்னர் கைவிடப்பட்டது. உடல் முழுவதும் கம்பெனிக்குரியது, நெற்றியும் செவியும்கூடச் சம்பளக் கணக்கில் அடங்கும் என்னும் உண்மையைச் சிப்பாய் அங்குக் கண்டான். விசயபாகுவின் ஈமத்தீக்கும் வேலூர்ப் பீரங்கிக்கும் இடையே எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. மறுத்தவனுக்கு அரசு சொன்ன மறுமொழி மாறவில்லை.

திருகோணமலையில் நிலைகொண்ட படைகளிலே மலாயரும் ஆபிரிக்கரும் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரித்தானியர் கோவாவிலிருந்து ஆபிரிக்க அடிமைகளை விலைக்கு வாங்கிச் சீருடை அணிவித்தனர். உள்ளூரிற் காப்பிரிகள் என அழைக்கப்பட்ட அவர்களின் வழிவந்தோர் திருகோணமலைப் பாலையூற்றுப் பகுதியில் வாழ்ந்துவருகின்றனர். சேவகத்துக்கு 'விரும்பிச் சேர்தல்' என்னும் விளக்கம் எத்துணை நொய்மையானது என்பதற்கு அவர்தம் வரலாறே சான்று.

மலாயப் படையினரின் வரலாறு வேறோர் உண்மையை உணர்த்துகின்றது. ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியரிடம் கைமாறிய இவர்கள் 1827 முதல் இலங்கை ரைபிள் படைப்பிரிவின் பெரும்பகுதியினராயினர். பாசறையிற் குடும்பங்களும் உடன்வாழ்ந்தன. பிள்ளைகளுக்குப் படைப்பள்ளிகள் இருந்தன. அப்பாசறைகளிலேயே மலாய்க் கதைகளும் செய்யுள்களும் படியெடுக்கப்பட்டுப் பேணப்பட்டமையைப் பி. ஏ. ஹுசைன்மியாவின் ஆய்வுகள் நிறுவியுள்ளன. 1869இற் கொழும்பில் வெளிவந்த 'அலமத் லங்காபுரி' என்னும் மலாய்ப் பத்திரிகை எழுத்தறிவுமிக்க இச்சமூகத்திற் பிறந்ததே. அக்காலத்து இலங்கைக் கிராமத்தவர் பலருக்கு எட்டாதிருந்த எழுத்தறிவு படையாளின் பிள்ளைக்கு எட்டிற்று. இது படைச்சேவகத்தின் மறுக்கவொண்ணாப் பயன்.

ஆனால் 1873இல் அப்படைப்பிரிவு கலைக்கப்பட்டது. பாசறையைச் சுற்றி அமைந்த வாழ்வு அதனோடு கலைந்து, பொலிஸ் சேவை, தோட்டங்கள் எனப் பலதிசையிற் சிதறிற்று. வேளைக்காரர் நிலமும் வணிகத் தொடர்பும் உடைய கூட்டாக இருந்தமையால் அரசன் எரித்தும் அழியவில்லை. மலாயப் படையினர் அரசின் செலவுப் பட்டியலில் ஒரு வரியாக இருந்தமையால் ஒரு கையெழுத்தோடு மறைந்தனர். சம்பளம் நிலத்தைப் போன்றதன்று. தருபவன் நிறுத்தும் நாளில் அது நின்றுவிடும்.

5

இரண்டாம் உலக யுத்தம் திருகோணமலையைப் பிரித்தானியக் கீழைக் கடற்படையின் பெருந்தளமாக்கிற்று. 1942 ஏப்பிரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கின. அடுத்த மாதம் இந்து சமுத்திரத்திலுள்ள கொக்கோஸ் தீவிற் காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினரிற் சிலர், கிரேஷன் பெர்னாண்டோவின் தலைமையிற் கிளர்ச்சி செய்தனர். குடியேற்ற ஆட்சியாளர்மீது கொண்ட வெறுப்பே அதன் உந்துவிசை. கிளர்ச்சி தோற்றது. 1942 ஆகஸ்டில் மூவர் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டனர்.

நான்கு ஆண்டுகளின் பின், 1946 பெப்ரவரி 18ஆந் திகதி, பம்பாயில் இந்தியக் கடற்படையின் மாலுமிகள் உண்ணத்தகாத உணவை மறுத்தனர். அம்மறுப்பு விரைவில் 78 கப்பல்களுக்கும் ஏறத்தாழ 20,000 மாலுமிகளுக்கும் பரவி, நகரத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தோடு இணைந்தது. செஞ்சோற்றுக்கடனின் நீண்ட வரலாற்றில் இந்நிகழ்ச்சிக்குத் தனியிடம் உண்டு. சோற்றைக் காட்டி உயிரைக் கேட்ட அரசிடம், அந்தச் சோற்றின் தரத்தையே கேள்வியாக்கி மாலுமிகள் தம்மைத் தொழிலாளராக இனங்கண்டனர். கொக்கோசில் ஒரு சிறு குழுவினர் தனித்து நின்றமையால் மடிந்தனர். பம்பாயில் மாலுமிகள் வெளியிலிருந்த உழைக்கும் மக்களோடு கைகோத்தமையால் பேரரசு நடுங்கிற்று. படையாளின் நலம் பாசறையின் மதிலுக்குள்ளே மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று என்பது இவ்வொப்பீட்டின் முடிபு.

6

சுதந்திர இலங்கையின் இராணுவம் 1949இல் அமைக்கப்பட்டது. திருகோணமலைத் தளம் 1957 ஒக்டோபரில் இலங்கைக்குக் கையளிக்கப்பட்டது. 1956இன் தனிச்சிங்களச் சட்டமும், 1962இன் தோல்வியுற்ற சதிமுயற்சியின் பின் தொடர்ந்த மாற்றங்களும் படையை மென்மேலும் ஓரினத்தவர்க்குரியதாக்கின. இதனாற் குச்சவெளி போன்ற கரைகளின் தமிழ், முஸ்லிம் இளைஞருக்கு அரச படைச்சேவகத்தின் பயன்களும் அருகின; அப்படையின் கண்காணிப்பு மட்டும் எஞ்சிற்று. தெற்கின் வறண்ட வலயத்து விவசாயியின் மகனுக்கோ அது மாதச் சம்பளமும், ஓய்வூதியமும், ஊரில் ஒரு கல்வீடும் தரக்கூடிய ஒரே வழியாயிற்று. 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தத்தின் களங்களில் நேருக்குநேர் நின்றோர் பெரும்பாலும் இருபுறத்து ஏழைகளின் பிள்ளைகளே. யுத்தத்தின் இறுதியாண்டுகளில் விடுதலைப் புலிகள் தம் கட்டுப்பாட்டுப் பகுதிகளிற் கட்டாய ஆட்சேர்ப்பில் இறங்கினர். பயனின் பக்கம் வெறுமையாகி விலையின் பக்கம் மட்டுமே நிரம்பிய சேவகம் அது.

யுத்தம் முடிந்த பின்னரும் கணக்கு முடியவில்லை. 2012 நவம்பரிற் கிளிநொச்சி மாவட்டத்தில் 103 தமிழ்ப் பெண்கள் இராணுவத்திற் சேர்க்கப்பட்டனர். வன்னியில் முன்பள்ளி ஆசிரியைகளும் பண்ணைத் தொழிலாளரும் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலுக்குள் வந்தனர். ஆயுதம் ஏந்தாத வேலைக்கும் படையே சம்பளம் தரும் நிலை, ஒரு பிரதேசத்தில் வேறு தொழில் வளரவில்லை என்பதன் அறிகுறியாகும்.

2023 சனவரியிற் பாதுகாப்பு அமைச்சு, இராணுவத்தின் ஆட்தொகையை 2024இல் 135,000 ஆகவும் 2030இல் 100,000 ஆகவும் குறைக்கப்போவதாக அறிவித்தது. 2024 ஏப்பிரில், மே மாதங்களில் அளிக்கப்பட்ட பொதுமன்னிப்புக் காலத்திற் படையைவிட்டு ஓடிய 15,000க்கும் மேற்பட்டோர் சட்டப்படி விடுவிக்கப்பட்டனர். 'மன்னிப்பு' என்னும் சொல்லை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். தோட்டத்தொழிலாளி வேலையை விட்டால் வேலை போகும். மீனவன் வலையை விட்டால் வருவாய் போகும். படையாள் வேலையை விட்டால் அவன் குற்றவாளி. எழுத்தர், ஆசிரியர், ஆலைத்தொழிலாளி எவர்க்கும் வேலையை விட்டதற்காக மன்னிப்பு வேண்டியதில்லை. படைச்சேவகத்தைப் பிற கூலியுழைப்பிலிருந்து பிரிக்கும் கோடு இதுவே.

அக்கோட்டைக் கடந்து வெளிவந்தோருக்கும் சந்தை காத்திருந்தது. ரஷ்யப் படையிற் சேர்ந்த இலங்கையர் 554 பேர் எனவும், அவர்களுள் 59 பேர் இறந்தனர் எனவும் 2025 சனவரியில் வெளிநாட்டமைச்சர் விஜித ஹேரத் பாராளுமன்றத்திற் தெரிவித்தார். அவர்களுட் பலர் 2022இன் பொருளாதாரச் சரிவினால் வருவாயின் மதிப்பை இழந்த முன்னாட் படையினர். சுடுவதைத் தவிர வேறு தொழிலைக் கற்பிக்காத சேவகம் அவர்களை அதே தொழிலின் அயல்நாட்டுச் சந்தையிற் கொண்டுபோய் நிறுத்திற்று. செஞ்சோறு டொலராயிற்று, கடன் அவ்வாறே நின்றது.

7

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து சில முடிபுகளைத் தொகுத்துக் கூறலாம். படைச்சேவகத்தின் பயன்கள் கற்பனையல்ல. நிலம், சம்பளம், எழுத்தறிவு, ஓய்வூதியம், மதிப்பு ஆகியவை வெவ்வேறு காலங்களில் வறியோர்க்கு இதன்வழி கிட்டியுள்ளன. ஆயின் இவை அனைத்துக்கும் ஈடாகக் கொடுக்கப்பட்டது மறுக்கும் உரிமை. வேளைக்காரர் போன்று கூட்டாக நின்றோரிடம் அவ்வுரிமையின் ஒரு பகுதியேனும் எஞ்சியிருந்தது. தனித்தனியே கையொப்பமிட்டுச் சேரும் நவீனப் படையாளிடம் அதுவும் இல்லை.

குச்சவெளிக் கடல் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திற் கொந்தளிக்கும்; அம்மாதங்களிற் கரைவலையும் சிறு படகும் ஓய்ந்திருக்கும். மாரியிலும் தவறாது வரும் மாதச் சம்பளம் அக்கரையின் இளைஞனுக்கு எத்தகைய ஈர்ப்பு என்பதை நாம் உணர்கின்றோம். அவனுக்கு அறிவுரை கூறுவது எளிது. அவனுக்குப் படகும், குளிர்களஞ்சியமும், நீர்பாயும் வயலும், தொழிற்கல்வியும் உறுதிப்படுத்தப்பட்டால் மட்டுமே சேருவதும் சேராதிருப்பதும் அவனது தெரிவாகும். அதுவரை அவன் எடுப்பதாகச் சொல்லப்படும் முடிவை, மாரிக்காலத்து வெறும் அடுப்பே அவனுக்காக எடுத்துக்கொண்டிருக்கும்.